அம்மாவின் எவர்சில்வர் தூக்குவாளியும் கொஞ்சம் சரித்திரமும்

எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. ஒன்றரைப் படி கொள்ளும். மூடிக்குக் கீழே, கழுத்துப் பக்கத்தில், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளில் என் அம்மாவின் பெயரும் அதன் கீழே 12-9-65 என்ற தேதியும் இருக்கும். போன வருஷம் அந்தத் தூக்குவாளியை நானே கெடுத்துவிட்டேன். கெடுத்த பிறகுதான் எவர்சில்வர் என்பது என்ன, அது ஏன் துருப்பிடிப்பதில்லை, எப்போது பிடிக்கும் என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எங்கோ ஷெஃபீல்டில் தொடங்கிய கதை, திரும்பி நம் பரங்கிப்பேட்டை வரை வந்து நின்றது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த வாளி வந்த கதை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லாம் பித்தளையும் வெண்கலமும்தான். தண்ணீர் பிடிக்க அண்டா, குளிக்கத் தவலை, குடிக்கச் செம்பு. பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்கக்கூடாது, களிம்பு ஏறும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெருவில் "ஈயம் பூசறதே" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரி மூட்டி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும்பும். ஈயத்தை ஒரு தொடு தொட்டுத் துணியால் சுற்றித் துடைத்தால் உள்பக்கம் வெள்ளியாய் மின்னும். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். எங்களுக்கு அது வேடிக்கை. அம்மாவுக்கு அது செலவு. தினமும் சாம்பலும் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும்.

அந்தக் காலத்தில்தான் எவர்சில்வர் வந்தது. எங்கள் தெருவில் அதை முதலில் வைத்திருந்தவர் சைகோனிலிருந்து திரும்பியிருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டு மேஜையில் கரண்டியும் முள்ளும் கத்தியும் இருக்கும். அவற்றின் பின்பக்கத்தில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது 'இனாக்ஸிதாபிள்' என்பதன் சுருக்கம் என்று தெரியும். ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருவாகாதது என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்டெயின்லெஸ், கறை படியாதது. நம் ஊரில் எவர்சில்வர், என்றைக்கும் வெள்ளி. மூன்று பேரும் ஒரே உலோகத்துக்கு மூன்று வாக்குறுதி கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் முழு உண்மை இல்லை என்பதை எழுபது வயதுக்கு மேல்தான் நான் தெரிந்துகொண்டேன்.

1965-ல் ஒரு நாள் மத்தியானம் கூடை நிறையப் பாத்திரங்களோடு ஒரு அம்மாள் தெருவில் வந்தாள். பழைய துணிக்கு, பட்டுப்புடவைக்கு, ஜரிகைக்கு எவர்சில்வர் பாத்திரம். அம்மா உள்ளே போய்த் தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்தாள். மடிப்பில் மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் ஜரிகை நன்றாக இருந்தது. அரைமணி நேரம் பேரம். முடிவில் புடவை கூடைக்குள் போயிற்று. இந்தத் தூக்குவாளியும் இரண்டு டம்ளர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. சாயங்காலம் அப்பா வந்து தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ஜரிகையை உருக்கினா எவ்வளவு வெள்ளி தேறும் தெரியுமா உனக்கு?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பேர் வெட்டுகிறவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தார்.

"யார் பேரும்மா வெட்டணும்? வீட்டுக்காரர் பேரா?"

"என் பேரு."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு டொக் டொக்கென்று வெட்டித் தந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழியெல்லாம் அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன். எவர்சில்வரின் ரகசியம் குரோமியம். அந்த உலோகத்தைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வொக்லான். சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தை 1797-ல் ஆராய்ந்தபோது அதில் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பல நிறம் காட்டின. அதனால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'குரோம்' என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த கட்டம் நம் நாட்டிலிருந்து தொடங்குகிறது. தென்னிந்தியாவில் களிமண் மூசையில் இரும்பையும் கரியையும் அடைத்து உருக்கி எடுத்த எஃகுக்கு உலகம் முழுக்கப் பெயர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'ஊட்ஸ்' என்றார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு', தமிழில் 'உருக்கு'. அந்தச் சொல்தான் அவர்கள் வாயில் ஊட்ஸ் ஆயிற்று என்பார்கள். நம் பக்கத்திலேயே, பழைய தென்னாற்காடு ஜில்லாவின் மேல்சிறுவலூரில் இப்படி மூசையில் எஃகு செய்த தடயங்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள்.

இந்த ஊட்ஸின் தரம் எதனால் வருகிறது என்று லண்டனில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பெரும்பெயர் எடுத்தாரே, அவரேதான். 1819-ல் ஊட்ஸைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, எஃகில் வேறு வேறு உலோகங்களைக் கலந்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்தார். அந்த முடிவுகள் 1820-ல் வெளிவந்தன. அதையொட்டி பிரான்சில் பெர்த்தியே என்பவர் எஃகில் குரோமியத்தைக் கலந்து பார்த்தார். குரோமியம் சேர்ந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்றும், இதில் கத்திகள் செய்யலாம் என்றும் 1821-ல் எழுதினார். அதே 1821-ல் தென் பிரான்சின் லெ போ என்ற ஊரில் அலுமினியத் தாதுவைக் கண்டவரும் இவர்தான். அந்த ஊர்ப் பெயரால்தான் அதை பாக்ஸைட் என்கிறோம். நம் சமையலறை அலமாரியில் அலுமினியமும் எவர்சில்வரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டின் கதையிலும் இந்த ஒரே மனிதர் வந்துபோகிறார்.

ஆனால் பெர்த்தியேயின் கலவை உடையக்கூடியதாக இருந்தது. அன்றைக்குக் கிடைத்த குரோமியத்தோடு கரியும் அதிகமாகச் சேர்ந்துவிடும். கரி கூடினால் எஃகு நொறுங்கும். கரியில்லாத குரோமியம் எடுக்கும் வழியை ஜெர்மனியில் கோல்ட்ஷ்மிட் என்பவர் 1890-களில் கண்டுபிடிக்கும் வரை, எழுபது வருஷத்துக்கு மேல் அந்த யோசனை காகிதத்திலேயே கிடந்தது. அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு கோப்பு எழுபது வருஷம் கிடப்பில் கிடப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில்தான் பரங்கிப்பேட்டை வருகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மதராஸ் ராஜதானி உத்தியோகஸ்தராக இருந்தவர். உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாதுவை மரக்கரியில் உருக்கினார்கள். ஆலை நஷ்டத்தில் போயிற்று. ஆனால் ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் தரம் உயரும் என்று 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்ட் முதலாளிகளுக்கு அதனால் பெருலாபம். ஹீத் வழக்குப் போட்டுப் போட்டே ஓய்ந்து, கையில் ஒன்றும் மிஞ்சாமல் செத்துப்போனார். இன்றைக்குக் கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் எவர்சில்வரில் நிக்கலைக் குறைத்து அதற்குப் பதில் மாங்கனீஸ்தான் சேர்க்கிறார்கள். அதை வாங்கும்போதெல்லாம் எனக்குக் கடலூர் வழியில் இருக்கும் அந்த ஊர் நினைவுக்கு வருகிறது.

ஷெஃபீல்ட் என்றேன் அல்லவா? ஹாரி பிரேர்லி அந்த ஊரில் 1871-ல் பிறந்தவர். தகப்பனார் எஃகு உருக்கும் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போன பையன், பிறகு ஒரு எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். புட்டி கழுவிக்கொண்டே இரவில் படித்து, கடைசியில் ஆய்வுக்கூடத்துக்கே தலைவர் ஆனார். 1912-ல் துப்பாக்கி செய்பவர்கள் அவரிடம் வந்தார்கள். சுடச் சுடக் குழலின் உள்பக்கம் தேய்ந்து அகன்றுவிடுகிறது, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார்கள். அவர் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டிப் பரிசோதித்தார். 1913 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வார்த்த எஃகில் சுமார் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. உலோகத்தை நுண்நோக்கியில் பார்ப்பதற்கு முன்னால் அமிலத்தால் அரிக்க வேண்டும். இந்த எஃகு அரிக்க மறுத்தது. அவர் எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று சமையலறைச் சாமான்களை விட்டுப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. துப்பாக்கிக் குழலை மறந்துவிட்டு, இது சாப்பாட்டு மேஜைக் கத்திக்கு ஏற்றது என்றார். ஒருவேளை புட்டி கழுவியவர் என்பதால்தான், கழுவுகிறவர்களின் கஷ்டம் அவருக்கு முதலில் தோன்றியதோ என்னவோ.

அவருடைய முதலாளிகளுக்கு அதில் அக்கறை இல்லை. கத்தி செய்பவர்கள் முதலில் செய்த கத்திகள் வெட்டவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கேலி செய்தார்கள். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தி ஆலை மேலாளர்தான் பக்குவம் தெரிந்து கத்தி செய்து காட்டினார். பிரேர்லி வைத்திருந்த பெயர் 'துருப்பிடிக்காத எஃகு'. வினிகரில் போட்டும் கறைபடவில்லையே என்று அதை 'ஸ்டெயின்லெஸ்' என்று சொன்னவர் ஸ்டூவர்ட். அதே சமயத்தில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் க்ருப் ஆலையைச் சேர்ந்த மௌரரும் ஸ்ட்ராஸும் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்து 1912-லேயே காப்புரிமை கேட்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் என்ற கணக்கில் இன்று நாம் உயர்ந்த ரகம் என்று வாங்கும் பாத்திரம் அந்த வழியில் வந்தது. கரண்டியின் பின்னால் 18/8 என்றோ 18/10 என்றோ போட்டிருப்பது இந்தக் கணக்குத்தான்.

நம் பக்கத்தில் சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் எஃகு ஆலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் தகடு உருட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு சீர்வரிசையில் 'சேலம் ஸ்டீல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாத்திரம் வைப்பது ஒரு கௌரவம் ஆயிற்று. பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்காத வீடு கிடையாது. ஈயம் பூசுகிறவரின் குரலும் அதோடு தெருவில் நின்றது. 1988-ல் பத்துக் காசும் இருபத்தைந்து காசும் ஐம்பது காசும்கூட எவர்சில்வரில் வந்துவிட்டன.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். போன வருஷம் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். பரணைச் சுத்தம் செய்தபோது தூக்குவாளி கையில் கிடைத்தது. உள்ளே பழுப்பாகக் கறை. அம்மா கடைசிக் காலத்தில் அதில்தான் டீ வாங்கி வரச் சொல்வாள். அந்தக் கறை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வாளி நிறைய ஊற்றி, வெளிப்பக்கமும் அழுக்காக இருக்கிறதே என்று கழுத்தளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அமிழ்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

காலையில் கறை போயிருந்தது. அதற்குப் பதில் உள்ளேயும் வெளியேயும் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். அம்மா பெயர் இருந்த இடத்திலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். பேர் வெட்டுகிறவர் வைத்த புள்ளி எது, நான் வைத்த புள்ளி எது என்று தெரியவில்லை. கடைசி எழுத்தின் கால் எங்கே முடிகிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? எஃகில் குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு கனம்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கீறினால் உடனே தானாக மறுபடி மூடிக்கொள்ளும். ஆகவே 'இனாக்ஸிதாபிள்' என்பது பாதி உண்மைதான். அது ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்தப் படலத்தின் பரம எதிரி குளோரைடு. நம் உப்பில் இருப்பதும் அதுதான், கடல் காற்றில் வருவதும் அதுதான், பிளீச்சிங் பவுடரிலும் கழிவறை ஆசிடிலும் இருப்பதும் அதுதான். அது படலத்தை ஒரு புள்ளியில் துளைத்துவிட்டால் அந்தக் குழிக்குள் ஆக்ஸிஜன் சரியாகப் போகாது, படலம் திரும்ப உருவாகாது. குழி உள்ளுக்குள் ஆழமாகிக்கொண்டே போகும்.

இது தெரிந்தால் வீட்டிலிருக்கும் எவர்சில்வர் சாமான்களை எப்படிப் பராமரிப்பது என்பது தன்னால் விளங்கிவிடும். என் வயதொத்தவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வைக்காதீர்கள். கரையாத உப்பு அடியில் தங்கிப் புள்ளி விழும். கொதி வந்ததும் போட்டுக் கிளறுங்கள். ஊறுகாய்க்கும் கல் உப்புக்கும் ஜாடிதான் நல்லது. உப்புப் போட்ட சட்னியை மிக்ஸி ஜாரில் இரவெல்லாம் விட்டுவைக்க வேண்டாம்.

இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகள்கள் துருப்பிடிக்கும், பழி பாத்திரத்தின் மேல் விழும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஈரமான இரும்பு தோசைக்கல்லை விட்டுவைத்தால் வரும் பழுப்பும் அப்படிப்பட்டதே. பழைய தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ போதும்.

அடிப்பிடித்தால் சமையல் சோடாவும் தண்ணீரும் விட்டுக் கொஞ்சம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் மரக்கரண்டியால் எடுத்துவிடலாம். டீக் கறைக்கும் அதே சோடாதான். எனக்கு அன்று ஒரு கரண்டி சோடா போதுமாக இருந்திருக்கும்.

போர்த் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. சூடு பட்டு வானவில் நிறம் வருவது அந்தப் படலம் கனத்துப்போவதால். இரண்டுக்கும் எலுமிச்சை மூடியோ புளியோ வினிகரோ தடவி, உடனே நன்றாக அலசிவிடுங்கள். பித்தளைக்குப் புளி வைத்த பாட்டிமார் கைப்பழக்கம் இங்கேயும் உதவுகிறது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு, கேஸ் அடுப்பின் தகடு போன்றவற்றை உற்றுப் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். அந்தக் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும். துலக்கும் பவுடர் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, பிறகு வெறும் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. பேரப்பிள்ளைகளின் கைரேகை தெரியக்கூடாது என்றால் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஜன்னல் ஓரம் இருக்கும் சாமான்களையும் படிக்கட்டுக் கைப்பிடியையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் துடைத்தாலே டீ நிறக் கறை வராது.

கடைசியாக, காந்தம். காந்தம் ஒட்டினால் போலி என்று நம்மில் பலர் நம்புகிறோம். நிக்கல் சேர்ந்த உயர்ந்த ரகத்தில் காந்தம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் மாங்கனீஸ் சேர்ந்த மலிவு ரகத்திலும் ஒட்டாது. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் சேர்ந்த நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒட்டும். பழைய எவர்சில்வர் இருபத்தைந்து காசு யாரிடமாவது இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டும். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பிக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

தூக்குவாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாலிஷ் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சக்கரத்துல போட்டா புள்ளியெல்லாம் போயிடும் ஐயா. புதுசாட்டம் ஆயிடும். ஆனா இந்த எழுத்து நிக்காது. வேணும்னா மிஷின்ல புதுசா வெட்டித் தரச் சொல்றேன், இதைவிட அழகா இருக்கும்."

உடனே பதில் சொல்ல வரவில்லை. எத்தா சிவில் பதிவேட்டில் அம்மாவின் பிறப்பும் கல்யாணமும் இருக்கின்றன. அங்கே அவள் பெயர் பிரெஞ்சு எழுத்தில்தான் இருக்கும். கல்யாணப் பத்திரத்தின் முடிவில், மணப்பெண்ணுக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று வழக்கமான வாசகம். ரேஷன் கார்டில் அப்பா பெயருக்குக் கீழே ஒரு வரி. சாவுப் பதிவில் ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். ஆயுள் முழுக்க மற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு, அம்மா தானே கேட்டு, தன் மொழியில் எழுதவைத்த இடம் இந்த வாளி ஒன்றுதான் என்பது அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

"வேணாம்ப்பா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாளியைப் பார்த்தாள். "ஏங்க, என்னைக் கேட்டிருக்கக்கூடாதா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. புள்ளிகளை மெல்லிய துணியும் சோடாவும் வைத்து அவளே நிதானமாகத் துடைத்தாள். கறுப்பு கொஞ்சம் குறைந்தது, குழி குழியாகவே இருக்கிறது. இப்போது அதில் எதையும் வைப்பதில்லை. மாதம் ஒருமுறை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மூடியைத் திறந்தே வைக்கிறேன். படலத்துக்குக் காற்று வேண்டும் அல்லவா?

நண்பர்கள் தங்கள் வீட்டுப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் பெயர், என்ன தேதி, என்ன விசேஷம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாலிஷுக்குப் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் எழுதிவையுங்கள்.